பாலின் சூடு

அவர் எந்தக் குளிர்ப்பெட்டியையும் முன்பக்கமாக அணுகியதில்லை. கடைக்காரர் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "இஞ்சை பாருங்கோ, எல்லாம் தண்ணியாக் கிடக்கு" என்று காட்டுவார். அவர் எட்டியும் பார்க்கமாட்டார். பெட்டிக்கும் சுவருக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய சந்துக்குள் பக்கவாட்டாக நுழைந்து, பின்னால் போய், உள்ளங்கையை விரித்து நீட்டிக்கொண்டு நிற்பார். மழை தூறுகிறதா என்று வாசலில் நின்று பார்ப்பவரின் கை அப்படித்தான் இருக்கும்.

"சூடு வெளியிலை வருதோ எண்டு முதல் பாக்கோணும்" என்று ஒருமுறை எனக்குச் சொன்னார். "குளிர் எண்டு நாங்கள் ஒண்டும் செய்யிறேல்லைத் தம்பி. உள்ளுக்கை கிடக்கிற சூட்டைத் தூக்கி வெளியிலை போடுறம். அவ்வளவுதான்."

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்னாலுள்ள ஒழுங்கையில் அவருடைய குளிர்ப்பெட்டி திருத்தும் பட்டறை இருந்தது. அதை ஒட்டிய அறையை வாடகைக்கு எடுத்து நான் ஒரு நாளிதழுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். எங்களுக்கு இடையில் ஒரு தகரச் சுவர் மட்டும். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஊரில் ஒருவரும் அதைப் பாவித்ததில்லை. பேக்கரிக்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர், மீன் வியாபாரிகள் எல்லோருக்கும் அவர் ஐஸண்ணை. ஐம்பதை நெருங்கிய, ஒடிசலான மனிதர். பல் வைத்தியர்கள் வைத்திருப்பதுபோல ஒரு சின்னக் கண்ணாடி சட்டைப் பையில் எப்போதும் இருக்கும், குழாய்களின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதற்கு. பெட்டிகளுக்கு அடிக்கும் காஸ் சிலிண்டரை மோட்டார் சைக்கிளின் பின் இருக்கையில் நிறுத்தி, தான் உடுத்துப் பழசான ஒரு சாரத்தால் சுற்றிக் கட்டிக்கொண்டு போவார். தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ ஒரு குள்ளமான நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிச் செல்வது போலிருக்கும்.

கையை நீட்டிப் பார்த்த பிறகு அவர் ஒன்றும் செய்யமாட்டார். ஊருக்கு அவர்மேல் இருந்த அன்பும் எரிச்சலும் இந்த ஒன்றும் செய்யாமையிலிருந்துதான் வந்தன. ஒரு கதிரையோ கவிழ்த்த வாளியோ கேட்டு வாங்கி, இயந்திரத்துக்குப் பக்கத்தில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இயந்திரம் ஓடி, நின்று, மறுபடி ஓடத் தொடங்கும் வரைக்கும் தொடமாட்டார். அதை அவர் 'ஒரு சுத்து' என்பார். சில பெட்டிகளுக்கு ஒரு சுற்று இருபது நிமிடம். சிலவற்றுக்கு அரைநாள்.

"அண்ணை, நித்திரையோ?" என்று கேட்பார்கள்.

"இல்லை. அது தன்ரை பாட்டிலை இருக்கட்டும். ஆரும் பாத்துக்கொண்டு நிண்டால் ஒண்டும் தன்ரை குணத்தைக் காட்டாது."

அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் மெல்ல மெல்ல ஓர் அமைதி படியும். கண்ணாடிப் பெட்டியின் இரைச்சல், சோடாப் போத்தல்கள் ஒன்றோடொன்று உரசும் கிணுகிணுப்பு, வெளியே ஏ9 வீதியில் யாழ்ப்பாண பஸ் அடிக்கும் ஹோர்ன் எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பவை போலாகும். சிறிது நேரத்தில் கடையிலுள்ளவர்கள் அவர் இருப்பதையே மறந்துவிடுவார்கள். புருஷனும் பெண்சாதியும் அவருக்கு முன்னாலேயே சண்டை பிடிப்பார்கள். பேக்கரியில் வேலை செய்த பெண் ஒருநாள் யோசனையில் தன் ஈரத் துணியை அவர் தோளில் காயப் போட்டுவிட்டுப் போனதை நானே கண்டேன். ஒரு மணித்தியாலம் கழித்து எழும்பியபோது அவர் அதை நாலாக மடித்து அவள் கையில் கொடுத்தார். அவள் முகம் சிவந்தது. அவர் முகத்தில் ஒன்றுமில்லை.

மனிதர்களோடு அவர் எங்களைப் போலத்தான் கதைத்தார். இயந்திரங்களோடு தனித்திருக்கும்போது அந்தத் தமிழ் மாறிவிடும். தகரச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சில பகல்களில் கேட்கும்: "என்னாப்பா பண்ணுது? எங்க வலிக்குது, சொல்லேன்." அது அவருடைய தாயின் தமிழ், தேயிலை மலைகளின் தமிழ். சின்ன வயதில் குடும்பத்தோடு அங்கிருந்து இந்த வன்னிச் சமவெளிக்கு வந்தவர். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எனக்குச் சொன்னது ஒரே ஒரு விஷயம். பஸ்ஸிலிருந்து இறங்கி வெறுங்காலை நிலத்தில் வைத்தவுடன் திரும்பவும் படியில் ஏறிவிட்டாராம். நிலம் சுட்டதாம். நிலம் சுடும் என்று அதுவரைக்கும் அவருக்குத் தெரியாதாம்.

செத்துப்போன பெட்டிகளையும் அவர் பார்க்கப் போவார். ஒரு வீட்டில் பழைய ஐஸ்கிறீம் பெட்டி ஒன்று விறாந்தையில் கிடந்தது. வீட்டுக்காரர் அதற்குள் விதைநெல் வைத்திருந்தார். "இதைத் திருத்தலாமோ?" என்று கேட்டார். ஐஸண்ணை மூடியைத் திறந்து நெல்லுக்குள் கையை மணிக்கட்டுவரை விட்டுக்கொண்டு நின்றார்.

"எலி வருதோ?"

"இல்லை."

"கறையான்?"

"இல்லை அண்ணை."

"அப்ப இது வேலை செய்யுது. என்னத்தைத் திருத்துறது?" என்று மூடியை மூடிவிட்டு வந்தார்.

எல்லாக் கதையும் இப்படி இனிமையாக முடிந்ததென்று எழுதினால் அது பொய். கோயில் திருவிழா தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது ஓர் ஐஸ்கிறீம் கடையின் பெரிய பெட்டி நின்றுவிட்டது. அவர் போனார். கையை நீட்டினார். பிறகு இரண்டரை மணித்தியாலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதற்குள் எல்லாம் உருகி, மூன்று நிறங்களும் கலந்து, கடைக்காரர் ஒழுங்கைக்கே கேட்கக் கத்தினார். "செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி இருக்கிறியே ஐஸண்ணை! சரிவராட்டி சரிவராது எண்டு சொல்லித் துலைக்கலாமெல்லோ! பக்கத்துக் கடைப் பெட்டிக்கை எண்டாலும் வைச்சிருப்பனே!" அன்று பின்னேரம் நான் அவரிடம் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "கொம்பிறெசர் எரிஞ்சு போச்செண்டு ரெண்டு நிமிசத்திலை தெரிஞ்சுது தம்பி. எழும்ப மனம் வரேல்லை." அந்தக் கடைக்காரர் பிறகு அவரைக் கூப்பிடவில்லை. அது நியாயமே.

இனி முரசுமோட்டைப் பால் நிலையம்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவு போகிற வீதியில், வயல்களுக்கு நடுவில் ஒரு சின்னக் கட்டடம். உள்ளே எவர்சில்வர் தாங்கி. காலையில் நாற்பது வீட்டுப் பால் அதற்குள் வரும். பின்னேரம் இரண்டு மணிக்குக் பால் கொம்பனியின் பவுசர் லொறி வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். பவுசர் சாரதி முதலில் வெப்பமானியை விட்டுப் பார்ப்பார். ஐந்து பாகைக்கு மேல் காட்டினால் குழாயைப் பொருத்தமாட்டார். அந்த மாசி மாதத்தில் இரண்டு தடவை பொருத்தாமல் திரும்பிப் போய்விட்டார். இரண்டு நாள் பாலும் வாய்க்காலில் ஊற்றப்பட்டது. மூன்றாம் முறையும் அப்படியானால் பவுசர் இனி அந்த வீதிக்கே வராது என்று கொம்பனி சொல்லிவிட்டது. வராவிட்டால் நாற்பது வீடும் பாலை விற்க வேறு இடமில்லை.

நான் ஆறு வரியில் ஒரு செய்தி எழுதினேன். 'நிலையத்தின் பராமரிப்பில் உள்ள அசட்டையே காரணமெனப் பண்ணையாளர்கள் குற்றம் சாட்டுகின்றனர்' என்பது கடைசி வரி. குற்றம் சாட்டியவர் ஒருவர்தான். சின்னராசா என்ற பண்ணையாளர், தொலைபேசியில்.

ஐஸண்ணை பத்திரிகையோடு என் அறை வாசலுக்கு வந்தார். "தம்பி, இதை எழுத முன்னம் அங்கை எவ்வளவு நேரம் இருந்தனீங்கள்?"

"போகேல்லை அண்ணை. போனிலை கேட்டனான்."

"ஓ" என்றார். பத்திரிகையை மடித்து என் மேசையில் வைத்தார். "நாளைக்கு என்னை வரச் சொல்லியிருக்கினம்."

நானும் போனேன்.

நிலையத்தின் சாவியும் பொறுப்பும் பூமணியக்காவிடம் இருந்தன. அறுபது வயது, எதிர்வீட்டுக்காரி, மூன்று மாடு வைத்திருந்தா. அவா தாங்கியைத் தேய்த்த தேய்ப்பில் அதில் முகம் பார்க்கலாம். நாங்கள் காலை எட்டு மணிக்குப் போனபோது, வேலிப் படலைத் திறந்து, "வாங்கோ தம்பி, எல்லாம் திறந்து துடைச்சு வைச்சிருக்கிறன்" என்றா. ஐஸண்ணை வழக்கம்போல உள்ளே போகாமல் நேராகப் பின்பக்கம் போனார். அங்கே ஒரு சீமெந்துத் திண்டின்மேல், வெயிலில், இயந்திரத்தின் வெளிப்பகுதி ஓடிக்கொண்டிருந்தது. கொம்பிறெசர், மெல்லிய தகடுகள் அடுக்கிய ஒரு சட்டம், அதன் ஊடாகக் காற்றை இழுத்து வீசும் விசிறி. கையை நீட்டினார். நல்ல சூடு வந்தது.

"காலமையிலை ஒழுங்காத்தான் ஓடும்" என்றா பூமணியக்கா. "பத்துப் பதினொரு மணிக்குத்தான் நிக்கும். முந்தி ஒருத்தர் வந்து பாத்தவர். காஸ் காணாதெண்டு அடிச்சுப்போட்டுப் போனவர். அதுக்குப் பிறகு இன்னும் மோசம்."

"எப்ப இருந்து?"

"வயல் வெட்டுத் தொடங்கின பிறகு."

திண்டிலிருந்து பத்து அடி தள்ளி ஒரு வேப்பமரம். அதன் வேரில் சாய்ந்து உட்கார்ந்து அவர் கண்ணை மூடினார். நான் சற்றுத் தள்ளிக் குந்தினேன்.

பால் கொண்டுவந்தவர்கள் கான்களை ஊற்றிவிட்டுப் போகாமல் முன்பக்கத்தில் நின்றார்கள். சின்னராசா ஒருதரம் பின்னால் வந்து பார்த்தார். "என்ன பேப்பர் தம்பி, இவர் மெசின் பாக்க வந்தவரோ, நித்திரை கொள்ள வந்தவரோ? நித்திரை எண்டால் எங்கடை வீட்டிலை கட்டில் இருக்கு, சும்மா படுக்கலாம்."

"இருக்கட்டும் அண்ணை" என்றேன்.

"உங்களுக்கென்ன. நாளைக்கும் நாலு வரி எழுதுவியள்." அவர் போய்விட்டார்.

ஒன்பது மணியாயிற்று. தாங்கியின் முகப்பில் பாலின் வெப்பம் காட்டும் இலக்கம் மெல்லக் குறைந்துகொண்டிருந்தது. வெயில் ஏற ஏற வயல் நடுங்கத் தொடங்கியது. பக்கத்து வயலில் வெட்டு மெசின் இறங்கியது. சிவப்பு நிறத்தில், வீடளவு பெரிது. அது போன வழியில் தூசியும் உள்ளீடில்லாத சப்பி நெல்லும் எழும்பி, காற்றில் நின்று, வெளிச்சத்தில் மஞ்சளாக மிதந்து, எங்கள் பக்கமாக வரத் தொடங்கின. வேப்பிலைகளில், என் தாள்களில், ஐஸண்ணையின் கண்ணிமைகளில் அவை படிந்தன. அவர் அசையவில்லை. நானும் அரைக்கண் மூடியிருந்தேன் போலும். எவ்வளவு நேரமென்று சொல்ல முடியாது.

அப்போதுதான் பூமணியக்கா வந்தா.

செருப்பைக் கட்டட மூலையிலேயே கழற்றிவிட்டு, வெறுங்காலோடு, ஓசைப்படாமல் வந்தா. வேப்பமரத்தைப் பார்த்தா. அவர் நித்திரை என்று நினைத்திருக்க வேண்டும். கையில் ஒரு நீலத் தறப்பாள், நிறம் மங்கியது, ஒரு மூலை கிழிந்து மீன்வலை நூலால் தைத்தது. அதை விரித்து இயந்திரத்தின்மேல் போர்த்தினா. பிள்ளைக்குப் போர்வை இழுத்து விடுவதுபோல நாலு பக்கமும் இழுத்துவிட்டா. காற்று தூக்காமல் மூலைக்கொரு கல் வைத்தா. பிறகு, வந்தபடியே போனா.

நான் ஐஸண்ணையைப் பார்த்தேன். அவருடைய ஒரு கண் திறந்திருந்தது.

தறப்பாளுக்கு உள்ளே இயந்திரத்தின் குரல் மாறியது. முதலில் ஒரு முனகல். பிறகு சுமை இழுக்கும் மாட்டின் மூச்சுப்போல ஒரு கனம். அரைமணித்தியாலத்தில் ஒரு 'டக்'. நின்றுவிட்டது. முன்பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு எழுந்தது. இலக்கம் குறையாமல் நின்றதை அவர்கள் கண்டுவிட்டார்கள்.

அந்தத் தறப்பாள் போரில் இடம்பெயர்ந்த காலத்தில் பூமணியக்காவுக்குக் கிடைத்தது. அதன்கீழ் அவாவும் பிள்ளைகளும் இரண்டு மழைக்காலம் இருந்தார்கள். வன்னியில் எந்த நல்ல பொருளையும் முதலில் மூடுவார்கள். நெல்லை, மோட்டார் சைக்கிளை, தையல் மெசினை. மூடியது தப்பும் என்பது இங்கே பட்டுத் தெரிந்த விஷயம். தூசி வரும்போது மூடுவதும், யாராவது வரும்போது மரியாதைக்குத் திறந்து துடைத்து வைப்பதும் அவாவுக்குக் கை போன போக்கில் நடந்த வேலை. பவுசர் வரும்போதும் திறந்திருக்கும். முந்திய மெக்கானிக் வந்தபோதும் திறந்திருந்தது. நாங்கள் வந்தபோதும்.

முன்பக்கத்தில் இருபது பேர் நின்றார்கள். இரண்டு நாள் பாலை வாய்க்காலில் ஊற்றியவர்கள். நான் கொப்பியும் பேனையுமாக இருந்தேன். ஐஸண்ணை எழும்பி, தூசியைத் தட்டி, இயந்திரத்தின் பக்கம் திரும்பாமலே கூப்பிட்டார்.

"அக்கா! நிலம் சுடுது. இருக்கிறதுக்கு அந்தத் தறப்பாளை ஒருக்காத் தாறீங்களோ?"

பூமணியக்கா வந்தா. "ஐயோ தம்பி, மெசினிலை தூசி விழுமெல்லோ."

"நான் பக்கத்திலைதானே இருக்கிறன். விழுந்தால் துடைச்சுவிடுறன்."

அவா கல்லை எடுத்துவிட்டுத் தறப்பாளைத் தூக்கினா. உள்ளே அடைபட்டிருந்த சூடு அவா முகத்தில் அடித்தது. தலையைப் பின்னுக்கு இழுத்தா. பிறகு, தறப்பாளின் தைத்த மூலையைப் பிடித்தபடி, அந்த இடத்திலேயே நின்றா. ஐஸண்ணை தறப்பாளை அவா கையிலிருந்து மெதுவாக வாங்கி, நாலாக மடித்து, வேரடியில் போட்டார்.

"ரெண்டு வாளி தண்ணி கொண்டு வாங்கோ அக்கா" என்றார். அவா ஓடினா.

அதன் பிறகு அவர் கைகள் விரைவாக ஓடின. தகடுகளுக்கிடையில் அடைந்திருந்த சப்பியைத் தூரிகையால் வாரினார். தண்ணீர் ஊற்றிக் கழுவினார். முந்தியவர் கூடுதலாக அடித்திருந்த காஸை இறக்கித் தன் சிலிண்டரில் எடுத்தார். பதினொன்றரைக்கு இயந்திரம் மறுபடி ஓடியது. அப்போது இலக்கம் பதினாறு.

சின்னராசா வந்தார். "என்ன அண்ணை வருத்தம்?"

"மூச்சு முட்டிப்போச்சு. இப்ப சரி."

"ஆரின்ரை பிழை? அதைச் சொல்லுங்கோ முதல்."

"நான் பிழை பாக்க வரேல்லை. பால் பாக்க வந்தனான்."

ஒரு மணிக்கு இலக்கம் ஒன்பது. ஒன்றேமுக்காலுக்கு ஏழு. இரண்டு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே பவுசர் வளைவில் திரும்பியது. தாங்கியில் ஆறரை. ஐஸண்ணை பூமணியக்காவின் காதருகில் போய், "சாரதிக்கு ஒரு பிளேன்ரீ குடுங்கோ. நல்லாக் கொதிக்கக் கொதிக்கக் குடுங்கோ" என்றார்.

அவா எவர்சில்வர் குவளை நிறையக் கொடுத்தா. சாரதி அதை ஊதினார், ஒரு வாய் குடித்தார், கையை உதறினார், திரும்பவும் ஊதினார். "என்னக்கா, அடுப்பையே ஊத்திக் குடுத்திட்டியளோ?" என்றார். சின்னராசா அவரிடம் வவுனியாவில் மழையோ என்று கேட்டார். இன்னொருவர் நெல் விலை கேட்டார். சாரதி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். பின்னால் விசிறி வீசிக்கொண்டே இருந்தது. குவளை அடி தெரிந்தபோது அவர் எழும்பி வெப்பமானியை விட்டார். எடுத்துப் பார்த்தார். மறுபடி விட்டார். பிறகு குழாயை இழுத்துக்கொண்டு வந்தார்.

பவுசர் போன பிறகு பூமணியக்கா பின்பக்கம் வந்தா. "தம்பி" என்றா. "நான்தானே?"

ஐஸண்ணை அவாவின் கையைப் பிடித்து விசிறியின் முன்னால் கொண்டுபோனார். "இது என்ன சூடு எண்டு தெரியுமோ அக்கா? பாலின்ரை சூடு. விடியப்புறம் உங்கடை மாட்டின்ரை வயித்துக்கை இருந்தது. அது போக ஒரு வழி வேணும். வேறை ஒண்டுமில்லை." தூசியை மறிக்க இயந்திரத்துக்கு மூன்று அடி தள்ளி ஓர் ஓலைத் தட்டி கட்டச் சொன்னார். சிலிண்டரைச் சாரத்தால் கட்டிக்கொண்டு புறப்பட்டார்.

அன்று நான் அனுப்பியது நாலு வரி. பால் ஏற்றப்பட்டது, கோளாறு சீர் செய்யப்பட்டது. ஏன் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஆசிரியர் பீடத்திலிருந்து அதைக் கேட்டார்கள். தெரியவில்லை என்றேன்.

இப்போது எழுதுவதற்குக் காரணம், பூமணியக்காவே எல்லோருக்கும் சொல்லிவிட்டா. "மெசினுக்குப் போத்து மூடி மூச்சை நிப்பாட்டினது நான்தான்" என்று சொல்லிச் சிரிக்கிறா. ஐஸண்ணை சில வருடங்களுக்கு முன் பட்டறையை மூடிவிட்டு, தனியாக இருந்த தமக்கையைப் பார்க்க தேயிலை மலையில் ஹற்றன் பக்கம் போனார், திரும்பவில்லை. அந்தக் குளிரில் அவருக்கு என்ன வேலை என்று ஊரில் கேட்டுக்கொள்வார்கள்.

போன மார்கழியில் ஒரு காலை அந்த வழியால் போனேன். வயலெல்லாம் பனி மூடியிருந்தது. நிலையத்தின் பின்பக்கம் போய், விசிறிக்கு முன்னால் கையை விரித்து நின்றேன். சூடு வந்தது. மெதுவான, ஈரமில்லாத, ஒரு பெரிய மிருகத்தின் பக்கத்தில் நிற்பது போன்ற சூடு.

பூமணியக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தா. "என்ன தம்பி, செய்தியோ?"

"இல்லை. சும்மா."

"கனநேரம் நிப்பியளோ?"

"ஒரு சுத்து" என்றேன்.

அவா உள்ளே போய் நீலத் தறப்பாளை எடுத்து வந்து, நாலு மடிப்பையும் பிரிக்காமல் வேப்பமரத்தின் அடியில் போட்டா. "அப்ப இதிலை இருங்கோ. நிலம் குளிருது."